ஆவி படிந்த கண்ணாடிக்கு நூற்றுக்கு நூறு

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்க்கிலிருந்து பிறந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஏரிக்கரை நகரமான கிசுமுவில் நான் இரவு வேலை பார்க்கும் மருத்துவமனையின் அறுவை அரங்கில், மூலையில் பூப்போட்ட பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் தேநீர் இருந்தது. இப்போது கிருமி நீக்கிய வெந்நீர். வயிற்றுக்குள் விடும் கேமராவின் நுனியில் ஆவி படிந்தால் வெளியே எடுத்து, வெந்நீரில் தோய்த்து, துடைத்து, மறுபடி உள்ளே விடுவார்கள். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றுவது நான். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்த அளவு பொறுப்பைத் தருகிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விஞ்ஞானம் எங்கள் ஏரிக்கரையை வந்தடைந்த அந்தப் பொன்னாளில்…'

அடித்துவிட்டேன். அந்தப் பொன்னாளில் மின்சாரம் இல்லை.

பிறகு: 'பயிற்சி மருத்துவர் அபோண்டியின் விழிகளில் உறுதி மின்னியது, அவள்…'

இதையும் அடித்தேன். அறுவை அரங்கில் மின்னுவது வியர்வை மட்டுமே.

2

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கேமரா காட்டும் படத்தை அந்தக் கணமே பார்த்து, திரையில் வண்ணம் பூசும். பச்சை என்றால் இங்கே வெட்டலாம். சிவப்பு என்றால் கைவைக்காதே. முடிவில் அறுவை செய்தவருக்கு மதிப்பெண் போடும்.

அது பாடம் படித்ததெல்லாம் எங்கோ குளிர்நாட்டு அறுவைப் படங்களில். அங்கே கேமராவை வெதுவெதுப்பாக வைத்திருக்கத் தனிக் கருவி உண்டாம். நடுவில் யாரும் வெளியே எடுப்பதில்லை. கேமரா வெளியே வந்தால் அறுவை முடிந்தது. இயந்திரத்துக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் அரங்கில் கண்ணாடியைத் துடைக்கக் கேமராவை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், 'அறுவை முடிந்தது. பித்தப்பை அகற்றப்படவில்லை. மதிப்பெண் சுழியம்' என்று அறிவிக்கும். திரும்ப உள்ளே விட்டால் புதிய நோயாளி என்று கணக்கு வைக்கும். மருத்துவமனையில் அறுவைகள் பெருகிவிட்டதாக நிர்வாகம் கேக் வெட்டியது. நானும் ஒரு துண்டு தின்றேன்.

பேராசிரியர் ஒகும்பே மட்டும் துடைப்பதே இல்லை. "என் விரலுக்குக் கண்ணு இருக்கு" என்பார். ஆவி படிந்த திரையில் இயந்திரத்துக்கு ரத்தம் தெரியாது, தவறு தெரியாது. அவருக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு.*

* மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு முறையாவது அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

3

இப்போது அபோண்டி. தனியாக அறுவை செய்ய அனுமதி வேண்டுமென்றால் இயந்திரத்திடம் தேற வேண்டும் என்று புது விதி. முந்தைய அறுவைகளில் அவள் தேறவில்லை. இது கடைசி வாய்ப்பு. தாழ்வாரத்தில் பேராசிரியர் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, போன தடவையும் பாதியில விட்டுட்டு ஓடிட்டியாமே? மெஷின் சொல்லுது."

"ஓடல சார். லென்ஸ் துடைச்சேன்."

"ஏன் துடைக்கிற? நான் துடைக்கிறேனா?"

"நீங்க பார்க்காதது அதுக்கும் தெரியல சார். அதான் ஒத்துப்போகுது."

"வாய்க்கு மட்டும் மார்க் போட்டா நீதான் முதல். இன்னொரு தடவ கேமராவ வெளிய எடு, அப்புறம் நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பக்கத்துல நின்னு கத்திரி எடுத்துக் குடுத்துட்டே இரு."

(அபோண்டி மேல் எனக்குச் சந்தேகம். கதைக்காக அவளை ரொம்ப நல்லவளாக்குகிறேனா? அவள் இதுவரை என் பெயரைக் கேட்டதில்லை. "ஏய் பிளாஸ்க்" என்றுதான் கூப்பிடுவாள். இது பதிவில் இருக்கட்டும்.)

4

நோயாளி ரிஸ்பா, ஏரிக்கரையில் மீன் பொரித்து விற்பவள். பித்தப்பையில் கல். மேசையில் படுத்ததும் விசாரணையைத் தொடங்கினாள்.

"பொண்ணே, நீயா வெட்டப்போற? பெரியவரு இல்லையா?"

"அவரு பக்கத்துல நிப்பாரு. வெட்டுறது நான்தாம்மா."

"நல்லதாப் போச்சு. அந்த மனுசன் மீன் வாங்கினா செவுளத் தூக்கிப் பார்க்கவே மாட்டாரு. எது மிச்சமோ அதத் தலையில கட்டிருவேன்."

"அம்மா, அவரு இங்கதான் நிக்கிறாரு."

"நிக்கட்டுமே! நீ எல்லா மீனையும் பொரட்டிப் பொரட்டிப் பார்ப்ப. உன்னால எனக்கு நஷ்டம். கல்லு கெடச்சா குடுத்துரு, தராசுக்கு ஆகும்."

மயக்க மருந்து ஏறியது. பேராசிரியர் தன் கையுறையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

பாதி வேலை சரியாகவே போயிற்று. வெட்ட வேண்டிய குழாயை நெருங்கும்போது ஆவி படிந்தது.

அங்கே இரண்டு குழாய்கள். பித்தப்பையுடையதை வெட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பது கல்லீரலின் குழாய். அதை வெட்டினால் ரிஸ்பா மஞ்சளாகிக் கிடப்பாள். அடுப்பு மூட்ட மாட்டாள். உயிரே போனாலும் போகலாம்.

திரை வெள்ளை. வெள்ளையின் நடுவே இயந்திரம் பச்சை பூசியது.

"வெட்டு," என்றார் பேராசிரியர்.

"எதை சார்? விடிகாலை ஏரி மாதிரி இருக்கு."

"பச்சைய வெட்டு. மெஷினே சொல்லுது."

"அதுக்கும் கண்ணு மறைச்சிருக்கு சார்."

"உனக்கு அனுமதி வேணுமா, வேண்டாமா?"

கேமராவை நர்ஸ் பிடித்திருந்தார். 'வெளியே எடு' என்று சொல்ல வேண்டியவள் அபோண்டி. சொல்லவில்லை. கத்திரியின் வாயும் மூடவில்லை.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் கேமராவை எடுக்கச் சொல்கிறாள். குழாய் தப்பிக்கிறது. மதிப்பெண் சுழியம். அவள் இன்னும் கத்திரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். (நீதிக்கதை. எனக்கே கொட்டாவி வந்தது.)

அவள் வெட்டுகிறாள். அதிர்ஷ்டம், சரியான குழாய். நூற்றுக்கு நூறு. அடுத்த முறையும் துடைக்கவில்லை. அதற்கடுத்த முறையும். பேராசிரியர்கள் இப்படித்தான் உண்டாகிறார்கள்.

அவள் வெட்டுகிறாள். தவறான குழாய். ஆவிக்குள் பித்தம் கசிவது தெரியாது. நூற்றுக்கு நூறு. நிர்வாகம் கேக்…

போதும். எதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நான் முடித்த கணமே நீங்களும் அந்த இயந்திரம் மாதிரி மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். அதனால் கேமராவை உள்ளேயே விட்டு வைக்கிறேன். ரிஸ்பா தூங்குகிறாள். பச்சை அசையாமல் இருக்கிறது. அந்த நூற்றுக்கு நூறு மேல் அபோண்டியைவிட உங்களுக்கு ஆசை குறைவு என்று என்னிடம் நடிக்க வேண்டாம்.

பிளாஸ்க்கைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். இப்போது கத்திரி உங்கள் கையில்.

தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.