ஐம்பத்திரண்டாவது ஓடு

"எடை ஏறிக்கிட்டே போகுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுக்கா."

"ஏறுது. அதனாலதான் தப்பு."

"ஏறினாலும் தப்பா? உன்கூடக் குப்பை கொட்டறது இருக்கே!"

தம்பி சிமென்ட் கரண்டியை வாளி விளிம்பில் தட்டினான். பள்ளிக்கூடத்து ஆய்வகச் சுவர் முழுக்கத் தனிமங்களின் அட்டவணை. தனிமத்துக்கு ஒரு ஓடு. தீட்டிச் சூளையில் சுட்டவள் அக்கா, பதிப்பவன் தம்பி. குறியீடும் அணு எடையும் ஓட்டிலேயே இருந்தன. அணு எண்ணை மட்டும் கடைசியில் தங்க வண்ணத்தில் எழுதுவதாக ஏற்பாடு. நாளைக் காலை பிள்ளைகள் வருகிறார்கள்.

மற்ற வரிசைகளை அக்கா கையில் தாளோடு நின்று சரிபார்த்திருந்தாள். ஐந்தாவது மட்டும் அயோடின் ஓட்டுக்காகக் காத்துக் கிடந்தது. அதன் ஊதா மூன்றாவது சூட்டில்தான் கூடிவந்தது. இன்று காலை அவள் வருவதற்குள் தம்பியே எடையைப் பார்த்துப் பார்த்து அடுக்கிப் பதித்துவிட்டான். ஐம்பத்தொன்று வரை எழுதி வந்த தூரிகை அங்கே நின்றது. டெல்லூரியம் இருக்கவேண்டிய இடத்தில் அயோடின்.

"இடத்தைப் பார்த்து ஐம்பத்திரண்டு, ஐம்பத்திமூணுன்னு எழுதிட்டுப் போயேன். கதவு நம்பர் மாதிரிதானே? யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க?"

"உள்ளே இருக்கற புரோட்டானை எண்ணினா வர்ற நம்பர்டா அது. எடையில நியூட்ரானும் சேர்ந்திருக்கு. அது மூட்டை முடிச்சு. டெல்லூரியம் கொஞ்சம் ஜாஸ்தி தூக்குது, அவ்வளவுதான். புரோட்டான்தான் ஆளு. அதுல ஒண்ணு கூடினாக்கூட வேற ஆளு."

"கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கறே."

"நீ அதைக்கூடக் கேட்டுக்கலையே."

அவன் ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"சிமென்ட் பாதி இறுகிடுச்சுக்கா. நெம்பினா ஊதா உடைஞ்சாலும் உடையும். அப்புறம் நாளைக்குச் சுவரு பொக்கை வாய் மாதிரி நிக்கும்."

அது அவளுக்கும் தெரியும். இருப்பதே அந்த ஒன்றுதான். தூரிகை நுனியில் தங்கத் துளி திரண்டு நின்றது. இரண்டு இழுப்பு போதும், வேலை முடிந்துவிடும். அயோடினுக்குள் ஐம்பத்திரண்டு புரோட்டான் என்று ஏதோ ஒரு பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டு போகும்.

அவள் தூரிகையைத் துணியில் துடைத்து வைத்தாள். அவன் பையிலிருந்து மெல்லிய உளியை எடுத்து, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"உடைஞ்சா உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இறுகறதுக்குள்ள எடுத்துக் குடுடா."