ஏலத்துக்குப் போன கோச்சிப் படம்

ரயில்வே விளம்பரங்களுக்காக அந்தக் காலத்தில் கையால் கீறிய மூலப்படங்களுக்கு இப்போது விசர்க் கிராக்கி. அச்சடித்த பிரதியை எவரும் சீண்டுவதில்லை. தூரிகை பட்ட படம்தான் வேண்டுமாம். ஊரில் இருந்தபோது ரிக்கெற் எடுக்காமல் கோச்சியில் தொங்கிப் போனவர்களும் இன்று கனடாவில் இருந்துகொண்டு அதே கோச்சியின் படத்துக்கு அடிபடுகிறார்கள்.

அப்படித்தான் கொழும்பு ஏலக்காரன் பிரதீபன், உருத்திரபுரத்தில் மீனம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கிளிநொச்சி ஸ்ரேஷனுக்குள் யாழ்தேவிக் கோச்சி நுழைகிற படம் ஒன்று அவளிடம் இருந்தது. அவளுடைய புருஷன் மாயாண்டி எண்பதுகளில் கீறியது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைத் தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குள் சுருட்டி வைத்துத் தூக்கித் திரிந்தாள். படத்தைக் காப்பாற்றிவிட்டாள். ஆளைத்தான் முடியவில்லை. யுத்தம் முடிகிற நேரம் வட்டுவாகலில் ஆமிக்காரரால் பஸ்ஸில் ஏற்றப்பட்ட மாயாண்டி திரும்பி வரவில்லை.

செத்துவிட்டார் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. குங்குமப் பொட்டை அழிக்கவில்லை. அவருடைய போட்டோவுக்கு மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களைப் படலை வாசலோடு திருப்பி அனுப்பினாள். காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மாரோடு கிளிநொச்சி வீதியோரக் கொட்டகையில் கிடந்து காய்ந்தாள். பக்கத்துப் பாயில் முல்லைத்தீவு யூலிற்றா. அவளுடைய மகன் றொசானும் மாயாண்டியும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள். இரண்டு பெண்களும் அதைக் கண்ணால் கண்டவர்கள். செத்தார் என்று எங்கேயும் எழுதிக் கொடுப்பதில்லை என்று ஒருத்தி மாதாவுக்கு முன்னாலும் மற்றவள் அம்மனுக்கு முன்னாலும் சத்தியம் செய்திருந்தார்கள்.

பிரதீபன் படத்தை விரித்துப் பார்த்தான்.

"அருமையான சாமான் அம்மா. ஆனா, ஆள் உயிரோடை எண்டா விலை ஏறாது. இன்னும் நாலைஞ்சு கீறிப்போடுவார் எண்டு வாங்கிற ஆக்கள் யோசிப்பினம். பேருக்குப் பக்கத்திலை செத்த வருஷம் இருக்கோணும்."

"அவர் சாகேல்லை."

"ஓம் அம்மா. ஏலப் புத்தகத்திலை மட்டும்தான். ஆர் பாக்கப்போயினம்?"

பாழாய்ப் போனவன், இதை உள்ளே படுத்திருந்த தர்மிளாவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். தர்மிளா மீனம்மாவின் ஒரே மகள். இரண்டு சிறுநீரகமும் பழுது. மாற்று வைக்காவிட்டால் இந்த மாரிமழைக் காலத்தைத் தாண்டமாட்டாள் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். 'வில்லுங்கோ அம்மா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மீனம்மா அவளைத் திட்டியாவது தப்பியிருப்பாள்.

"யுத்தம் முடிஞ்ச வருஷத்தைப் போடுங்கோ" என்றாள்.

ஏலம் வவுனியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வெளிநாட்டுக்காரர் விலை கேட்பதற்காக எல்லாமே போனில் நேரடி ஒளிபரப்பாகப் போய்க்கொண்டிருந்தது. யாழ்தேவிப் படத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும் ஏலம் கூறுகிறவர் மைக்கைப் பிடித்தார். "யுத்தம் முடிந்த வருஷம் மறைந்த ஓவியர் மாயாண்டி அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அவருடைய மனைவியும் நம்மோடு இருக்கிறார்."

இப்படி ஒரு கூத்து இருக்கிறதென்று அவளிடம் எவனும் சொல்லவில்லை. மண்டபம் முழுக்க எழுந்தது. கமெரா அவள் பக்கம் திரும்பியது. எழும்பாமல் இருந்தால் விலை விழும். மீனம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் பொட்டை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

படம் நல்ல விலைக்குப் போனது. ஒப்பரேஷனுக்குக் காசு காணும் என்றான் பிரதீபன்.

பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியபோது அவளுடைய முற்றத்தில் தறப்பாள் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள். பக்கத்து வீட்டு வீரையா போனில் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறார். சாவு கேட்டால் சனம் சும்மா இருக்குமா? அயலில் இருந்து தேநீர் வந்தது, பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், மாயாண்டியின் போட்டோவுக்கு யாரோ மாலையும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தர்மிளா இருந்து அழுதுகொண்டிருந்தாள். யாரைத் திட்டுவது? வருஷம் சொன்னவள் மீனம்மாதானே.

படலைக்கு வெளியே யூலிற்றா நின்றாள். கொட்டகையில் இருந்து நேரே வந்திருந்தாள். றொசானின் போட்டோ இன்னும் கையில் இருந்தது. உள்ளே வரவில்லை.

"ஆராவது வந்து சொன்னவையோ, மீனம்மா?"

"இல்லையடி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளைக்காக..."

யூலிற்றா பந்தலையும் மாலையையும் பார்த்தாள். பிறகு மகனின் போட்டோவைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப என்ரை பிள்ளைக்கும் அந்த வருஷம்தானோ?"