ஒன்பதா, நாற்பத்தைந்தா

மகேந்திரராசா வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் மூன்று மாதமாக, தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு ஆளை உடனே விழுத்தும் என்று அமெரிக்கர்கள் போட்ட வீடியோக்களைக் கரைத்துக் குடித்திருந்தார். ஒன்பது மில்லிமீட்டருக்கு உதைப்புக் குறைவு, கூடுதலாக நிரப்பலாம். அங்குலக் கணக்கில் வரும் நாற்பத்தைந்து பெரிது, மெதுவானது. முனையில் குழி வைத்த குண்டு உடம்புக்குள் விரிந்துகொள்ளும். கோயிலிலோ பிறந்தநாள் வீட்டிலோ யார் அகப்பட்டாலும் இதே கதைதான். பாவம், கேட்டவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்கள்.

எல்லாம் வீட்டில் கள்ளன் புகுந்த பிறகு வந்த ஞானம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்த மனைவி தங்கமலர் அறைக்குள் படுத்திருந்தாள். பட்டப்பகலில் ஒருவன் பின்கதவை உடைத்து வந்து, அவள் தலைமாட்டு அலுமாரியில் இருந்த நகை முழுவதையும் வழித்துக்கொண்டு போனான். தான் குளித்துக்கொண்டிருந்ததாகவும் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றும் மகேந்திரராசா பொலிசுக்குச் சொன்னார். மனைவிக்கும் அதையேதான் சொன்னார்.

பச்சைப் பொய். பின்கதவுக் கண்ணாடி நொறுங்கியபோது, அன்று விடுமுறையில் இருந்த அவர் குசினியில் அடுப்பருகே நின்றார். கையுறை போட்ட கை ஒன்று உள்ளே நுழைவதைக் கண்டார். ஓடிப்போய்க் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டார். மனைவி தனியே கிடக்கிறாள் என்ற நினைவு வந்த பிறகும் அவர் திறக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் குழாயைத் திறந்துவிட்டார். அதை நினைக்கும் போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்குத் தெரியவந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் உள்ள துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போனார். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று பொறுப்பாளரான டேனிஷ்காரர் கேட்டார். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மகேந்திரராசா, ஒன்பதா நாற்பத்தைந்தா நல்லது என்றும் விசாரித்தார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இங்கே கடதாசி இலக்கைத்தான் சுடுகிறோம், அந்தக் காரணத்துக்கு இந்த நாட்டில் அனுமதி கிடையாது, இந்த எண்ணத்தோடு வருபவரை நான் சேர்க்க முடியாது என்று தன்மையாகச் சொல்லி, கொடுத்திருந்த படிவத்தை நிரப்பும் முன்பே திரும்ப எடுத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் மகேந்திரராசா போன மானத்தை மீட்கப் பார்த்தார்.

"உவருக்கு என்ன தெரியும். ஆனால் தங்கம், எங்கடை வீட்டிலை ஒரு பிரச்சினை இருக்கு. குளியலறைக்கும் உம்மடை அறைக்கும் நடுவிலை வெறும் ஜிப்சம் பலகைதான். எந்தக் குண்டும் அதுக்குள்ளாலை போகும். ஒன்பதெண்டாலும் போகும், நாற்பத்தைஞ்செண்டாலும் போகும்."

தங்கமலர் சீற் பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"ஓம். சத்தமும் வரும்," என்றாள்.

அவர் கார்த் திறப்பைத் திருப்பாமல் அவளைப் பார்த்தார்.

"கள்ளன் வந்த அண்டைக்கு நான் நித்திரை இல்லை. அவன் அலுமாரியைத் திறக்கேக்கை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். அதுக்கு முதலே நீங்கள் குளியலறையைப் பூட்டின சத்தம் கேட்டது. தண்ணிச் சத்தம் அவன் போன பிறகுதான் கேட்டது."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். மூன்று மாதமாக ஊரெல்லாம் அவர் சுட்டுத்தள்ளிய குண்டுகளை இவள் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தேநீர் வேறு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"எடுங்கோ, போவம்," என்றாள். "எனக்கு இரவைக்கு வேலை. கொஞ்சம் படுக்கவேணும்."