டெல்லாவின் ஆரஞ்சுத் தொண்டை

அமெரிக்கக் கரையோரத்து டேஞ்சியர் தீவில் நாங்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. மழை கொட்டினால் "என்னா வெயிலு!" என்போம். இழுத்துச் சொல்லும் ராகத்தில்தான் அர்த்தம். அதில் என் மனைவி ஆர்லிண்டாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எங்கள் மகள் டெல்லாவுக்கு ஓயாத தொண்டை வலி. கரையிலிருந்து படகில் வந்த டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். டான்சில் இரண்டும் பழுத்த ஆரஞ்சு நிறம்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று எங்களைக் கேட்டார் டாக்டரம்மா.

"சொந்தமா? இந்தத் தீவுல யாரும் யாருக்கும் சொந்தமே இல்ல, போங்க!" என்றாள் ஆர்லிண்டா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டாக்டரம்மா அதை அப்படியே நம்பி, மூவரிடமும் ரத்தம் எடுத்துப் போனார்.

திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. "ஆய்வகத்துல ரத்தம் மாறிப்போச்சு போல. கொழுப்பை உயிரணுவுலேர்ந்து வெளியே ஏத்தி விடுற புரதம் ஒண்ணு இருக்கு. அதோட மரபணுவுல உங்க ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே பிழை. சொந்தமில்லாதவங்களுக்கு இப்படி அமையாது. மறுபடி ஊசி குத்தணும்."

டெல்லா என் காலைக் கட்டிக்கொண்டாள். சிரித்த வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாறலம்மா. அவ சும்மா ராகம் போட்டா. எங்க தாத்தாவும் அவ தாத்தாவும் அண்ணன் தம்பி."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "அப்படின்னா சரிதான். அந்தப் பிழையில உங்களுக்கு ஆளுக்கொரு பங்கு, வெளியே தெரியாது. இவளுக்கு ரெண்டு பங்கும். கொழுப்பு போக வழியில்லாம தொண்டையில தேங்குது, அதான் இந்த நிறம். உங்க முன்னோர் ஒருத்தர்கிட்டேர்ந்து ரெண்டு கிளையா இறங்கி, இவகிட்ட ஒண்ணு சேர்ந்திருக்கு."

முகம்கூடத் தெரியாத யாரோ ஒருவர், இதே கடலில் நண்டு பிடித்தவர், என் மகளின் தொண்டையில் நிறமாக நிற்கிறார்! பயத்துக்கு முன்னால் பிரமிப்புதான் வந்தது.

ஆர்லிண்டா நேராகக் கேட்டாள். "என் பொண்ணு பொழைப்பாளா?"

"இதயத்தையும் நரம்பையும் விடாம கவனிக்கணும். இதைக் குணப்படுத்த மருந்து இல்ல. நல்லா வயசாகி வாழ்ந்தவங்களும் இருக்காங்க. சத்தியமா என்னால உறுதி சொல்ல முடியாது."

ஆர்லிண்டா விளக்கை வாங்கி மகளின் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து அருகே இழுத்தாள். அவள் குரலில் ராகம் இல்லை.

"நல்லா பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு! நாம ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்ததுங்க இது."