காத்திருப்பு அறைக் குழாய்

தேர்வு நாட்களில் காத்திருப்பு அறைக் குழாயை இறுக்கி மூடக் கூடாது என்பது மேற்பார்வையாளர் அம்மாவின் உத்தரவு. ஏன் என்று அவள் கேட்டதில்லை. தரை துடைக்கிறவள் கேள்வி கேட்பதெல்லாம் அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. காலையில் கைகழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயைச் சொட்ட விட்டுவிட்டு வருவாள். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். கீழ்ப்பேட்டையில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். "நம்ம பேட்டையில செத்தவன்கூட எழுந்து வந்து குழாய மூடிட்டுத்தான் மறுபடி படுப்பான்" என்பான் அவள் புருஷன், இருமலுக்கு நடுவே.

மேல்பேட்டைப் பள்ளித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். விண்ணப்பத்தில் பேட்டையைக் கேட்பதே இல்லை. எல்லோரும் சமம் என்று வாசலிலேயே பெரிதாக எழுதியிருந்தது. ஆனாலும் கீழ்ப்பேட்டைப் பிள்ளை ஒன்றுகூட இதுவரை தேறியதில்லை. தேறாதவர்கள் அடுத்த மாதமே பேட்டரி உடைக்கும் கொட்டகைக்குப் போக வேண்டும். அவள் புருஷன் இருமலை வாங்கி வந்தது அங்கேதான்.

இன்று அவள் மகள் சிட்டு வருகிறாள்.

சிட்டு படிப்பில் சுட்டி. பயம் மற்றதில்தான். அதனால் ஒரு வருஷமாகத் தாயே பாடம் எடுத்தாள். தட்டில் கொஞ்சம் மிச்சம் வை. கதவு திறந்தால் திடுக்கிட்டுப் பார்க்காதே. ஈரத் தரையைக் கண்டு ஒதுங்காதே, அவர்கள் நேராகத்தான் நடப்பார்கள்.

"தொடச்சவங்க திட்ட மாட்டாங்களா?"

"வாய மூடிக்கிட்டு மறுபடி தொடைப்பாங்க. நானே தொடச்சிட்டு இருந்தாலும் நீ நேரா நட. என்னைப் பாக்காத."

குழாயைப் பற்றி அவள் சொல்லவில்லை. அது பாடம் என்றே அவளுக்குத் தெரியாது.

சிட்டை அழைத்து வந்தது சிட்டின் மாமன், அவள் தம்பி. மேல்பேட்டையில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டுகிறவன். டாக்டர் மகளின் பழைய கவுனும் ஷூவும் சிட்டுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தன. இருவரும் அவளைப் பார்க்காமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் நெளிந்தான். எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி குனிந்து ஏதோ குறித்தார். மேற்பார்வையாளர் அம்மா வந்து குழாயை மறுபடி திறந்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் ஷூ பிய்ந்த ஒரு சிறுமி எழுந்து மூடினாள். அதிகாரி மறுபடி குனிந்தார், மேற்பார்வையாளர் அம்மா மறுபடி திறந்துவிட்டாள். பக்கத்தில் ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை தலை நிமிராமல் படம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் குழாய்ச் சத்தம் கேட்கவே இல்லை.

அவள் கையிலிருந்த துணி நின்றது. இத்தனை வருஷம் தன் கையாலேயே திறந்து வைத்திருக்கிறாள்.

பெஞ்சைப் பார்த்தாள். தம்பியின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் மேல்பேட்டைச் சோறு தின்றவனுக்கே கேட்கிறது. சிட்டு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள்.

தாய் ஓடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு எப்போதும்போல் நடந்து போய், அழுக்குத் துணியைத் தொட்டிக்குள், குழாய்க்கு நேர் கீழே போட்டாள். சொட்டு துணியில் விழுந்தது. சத்தம் அடங்கிவிட்டது. சிட்டு மறுபடி சாய்ந்து உட்கார்ந்தாள்.

மேற்பார்வையாளர் அம்மா வேகமாக வந்தாள். "இங்க என்னடி பண்ற?"

"கறை போகலீங்க. ஊற வெச்சிருக்கேன்."

"உனக்கு நேரம் காலமே கிடையாதா? எடு."

"இதோங்க" என்றாள். துணியை எடுத்தாள். விரித்தாள். மறுபடி போட்டாள். கறை எங்கே என்று தேடுபவள்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த மந்தபுத்தியை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுவது என்று மேற்பார்வையாளர் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் உள்ளே இருந்து சிட்டின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு அவள் தாழ்வாரத்தைத் துடைக்கப் போனாள். அங்கே பாதி துடைத்திருந்தபோது தம்பியும் சிட்டும் வெளியே வந்தார்கள். தம்பி முன்னால் நடந்தான். சிட்டின் கவுனில் நீல வில்லை குத்தியிருந்தது. தேறியவர்கள் அப்படியே விடுதி வண்டியில் ஏற வேண்டும். பிறகு கீழ்ப்பேட்டைக்கு வர அனுமதி கிடையாது.

ஈரத் தரையின் ஓரத்தில் சிட்டின் கால் ஒரு கணம் நின்றது. துடைத்துக்கொண்டிருந்த தாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஷூக்கள் நேராக, ஈரத்தின் நடுவே நடந்து போயின.

"பாத்தியா?" என்றாள் மேற்பார்வையாளர் அம்மா. "பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்குக் கால்ல கண்ணே இருக்காது."

"ஆமாங்க" என்றாள்.

மறுபடி துடைக்க வேண்டியிருந்தது. அவள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். கால்தடம் வரை வந்து சேர்வதற்குள் அது தானாகவே காய்ந்திருந்தது.