பானு மிதித்த சட்டம்

ரெபேக்காவின் மூன்று மாதச் சோதனைக்காலத்தில் அதுதான் கடைசி வேலை. வீடியோ கேமில் வரும் பழங்காலக் கோட்டைக்கு, கம்ப்யூட்டரில் ஒரு மர மதில் செய்ய வேண்டும். மாலை ஆறு மணிக்குள் தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

காலையில் அனுப்பியதை டீம் லீடர் மானசா திருப்பிவிட்டாள். "அழகா இருக்கு. ஆனா இதைப் பார்த்து எந்த எதிரியும் பயப்படமாட்டான். ஏன்னு பாரு." ரெபேக்கா வீட்டில் இருந்தபடியே மரத்தின் நிறத்தை மாற்றினாள், முனைகளைக் கூராக்கினாள், கேம் திணறாமல் ஓட அங்கங்கே நுணுக்கங்களைக் குறைத்தாள். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு அக்தர் பானு பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தாள். தோல் பட்டறையில் பை தைப்பவள். கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. எதிரி வரும் பக்கத்திலிருந்து கோட்டை மதிலைத் திரையில் ரெபேக்கா காட்டியதும் சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, இது நம்ம வாசல்ல அடிச்சிருக்க பலகையில்லா!"

"என்னக்கா சொல்லுதீய?"

"பஸ்ஸுக்கு ஜல்தியா போக டெய்லி அதுலதான ஏறிக் குதிக்கேன்? குறுக்குச் சட்டம் ஏணி மாதிரி வாட்டமா இருக்கும். நீயும் எதிரி ஏறுததுக்குத் தோதா வெளிப்பக்கம் அடிச்சி வச்சிருக்கியே!"

ரெபேக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புதுக் கட்டடம் வரப்போகிறதென்று தாராவியில் அவர்கள் குடியிருப்பைச் சுற்றிப் பலகை அடைத்து ஒரு வருடமாகிறது. சட்டங்களெல்லாம் உட்பக்கம். உள்ளே குடியிருக்கும் அவள் கண்ணுக்கு அந்தப் பக்கம்தான் பழகியிருந்தது. எதிரி பார்க்கும் பக்கத்தில் அதையே அடித்துவைத்துவிட்டாள்.

"அக்கா, நீங்க நல்லா இருக்கணும்!" பானுவைப் பாத்திரத்தோடு கட்டிக்கொண்டாள்.

சட்டங்களை உட்பக்கம் மாற்றினாள். கால் வைக்க இடமில்லாமல் வெளிப்பக்கம் வெறும் மரமாக நின்றது. இன்னும் அரை மணி நேரம் இருந்தது. உள்ளே கீழிருந்து இரண்டாவது சட்டத்தில், பாதம் பட்டுத் தேய்ந்ததுபோல் லேசாக ஒரு பள்ளம் வைத்து அனுப்பினாள்.

ஆறேகாலுக்கு மானசா அழைத்தாள். "இப்போ பயமா இருக்கு. திங்கட்கிழமை வேலை ஆர்டர் வாங்கிக்கோ. ஆமா, உள்ள ஒரு சட்டம் தேஞ்சிருக்கே?"

"அங்க ஒருத்தங்க தினமும் கால் வைப்பாங்க மேடம். அவங்க இல்லன்னா எனக்கு இந்த வேலை இல்ல."

மறுநாள் காலை பானு பலகையருகே வந்தபோது, அவளுடைய பையை வாங்கிப் பிடித்துக்கொள்ள ரெபேக்கா முன்னாலேயே வந்து நின்றிருந்தாள்.