மெத்தைக்கடை வைத்தியம்

என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து மெத்தைக்கடை நடத்துகிறார்கள். உழைப்பு தம்பியுடையது, சவடால் அண்ணனுடையது.

போன வருடம் அண்ணனுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு நின்றுபோனது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் என் கணவர்தான். தொடை வழியாக மூளைவரைக்கும் மெல்லிய குழாயை விட்டு ரத்தக்கட்டியை உருவி எடுத்தார்கள். மறுநாளே எழுந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை குறைவு என்று நர்ஸோடு சண்டை பிடித்தார் அந்த மகானுபாவர்.

அவ்வளவு நன்றாகக் குணமானதுதான் வினையாகப் போயிற்று. "சும்மா தலைசுத்தல்தாங்க. நல்லாத் தூங்கினேன், சரியாப் போச்சு. டாக்டருங்கதான் தேவையில்லாம குழாயை விட்டு நோண்டிட்டாங்க" என்று மெத்தை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அண்ணன் பேசுகிறாரே, அது போதும் அவருக்கு.

போன மாதம், காலையில் கடை திறந்த கையோடு என் கணவருக்கு வாய் கோணியது. வலது கை துவண்டது. பக்கத்திலிருந்த அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இருப்பதிலேயே உசத்தியான மெத்தையில் படுக்கவைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லையே என்று போன் செய்தேன். "அசந்து தூங்குறான்மா, விடு" என்றார்.

நான் போய்த் தூக்கிக்கொண்டு ஓடியபோது சாயங்காலம்.

"மூளையில இடது பக்கம் ஒரு பெரிய பகுதி செத்துப்போச்சும்மா" என்றார் டாக்டர். "இப்போ கட்டியை எடுத்தா ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. காலையிலயே வந்திருந்தா பேச்சைக் காப்பாத்த வாய்ப்பு இருந்துச்சு."

நேற்று அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, "மனதைரியம் வேணும்டா. நான் எழுந்துக்கலையா?" என்று ஆரம்பித்தார்.

"உங்களை எழுப்பினது தைரியமில்ல மாமா. இவரு ஓடின ஓட்டம்" என்றேன்.

தம்பியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எனக்கு மறுபடி வந்துட்டா, இனி யாரும்மா என்னைத் தூக்கிட்டு ஓடுவா?"

ஆக, ஐயாவுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அளந்த கதை பொய்யாகிவிடுமே என்று படுக்கவைத்திருக்கிறார். முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அதற்குள் என் கணவர், அசைகிற இடது கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, நான் இருக்கிறேன் என்பதுபோல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தேன்.